பழங் கடிகாரங்களைச் சேர்த்தல்

பொழுதை அளந்தறியும் ஆவல் மனிதனுக்கு மிகத் தொன்மையானது. அடியில் நுண்துளையிட்ட வட்டிலை நீரில் மிதக்கவிட்டு, அது நிரம்பி அமிழும் நேரத்தை ஒரு நாழிகை எனக் கொண்டனர் நம் முன்னோர். நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். நாள் ஒன்றுக்கு 60 நாழிகை. 1656-ஆம் ஆண்டில் டச்சு அறிஞர் ஹைகன்ஸ் ஊசலைக் கடிகாரத்துடன் இணைத்தார். அதுவரை நாளொன்றுக்கு ஏறத்தாழக் கால் மணி நேரம் பிழைத்துவந்த கடிகாரங்கள், அதன்பின் சில விநாடிகளே பிழைபட்டன.

இத்தகைய கருவிகளைத் தேடிச் சேர்ப்பது செல்வர்களின் பொழுதுபோக்காக இருந்ததுண்டு. ஹைதராபாத்திலுள்ள சாலார் ஜங் அருங்காட்சியகம் இதற்குச் சான்று. மூன்றாம் சாலார் ஜங் திரட்டிய பொருள்களைக் கொண்டு 1951-இல் திறக்கப்பட்ட இக்காட்சியகத்தில், கல்கத்தாவின் குக்-கெல்வி நிறுவனத்தின் பெயர் தாங்கிய கடிகாரம் ஒன்று உண்டு. மணிதோறும் தாடி வைத்த சிறு பதுமையொன்று வெளிப்போந்து மணியடித்துச் செல்லும். அதனைக் காணவே மக்கள் குழுமி நிற்பர்.

எனினும், இத்துறையில் ஈடுபடப் பெருஞ் செல்வம் வேண்டுவதில்லை. 1961-இல் ஜப்பானிய சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்புடன் பெங்களூரில் எச்.எம்.டி. கைக்கடிகாரத் தொழிற்சாலை தோன்றியது. அங்குப் பிறந்த 'ஜனதா' முதலிய கடிகாரங்கள் எத்தனையோ இல்லங்களில் திருமணப் பரிசாகவும், பணி ஓய்வுப் பரிசாகவும் புகுந்தன. மின்கலத்தால் இயங்கும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் பெருகியபின் இவற்றின் செல்வாக்குக் குன்றியது. 2016-இல் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அரசு ஒப்புதல் அளித்தது. அதன் பயனாக, பெட்டிக்குள் உறங்கிய கடிகாரங்களுக்கு இன்று புது மதிப்பு வந்துள்ளது.

மதிப்பு வந்த இடத்தில் போலியும் வருவது இயல்பு. பல கடிகாரங்களின் உறுப்புகளைப் பொறுக்கி ஒன்றாகக் கோத்து, முகப்புக்குப் புதுச்சாயம் தீட்டி, பழம்பொருள் என விற்பாருளர். ஆகவே வாங்குவோர் மூன்றினை நோக்க வேண்டும். முகப்பின் எழுத்துகள் கூர்மையாகவும் நேராகவும் உள்ளனவா? உள்ளியந்திரம் அந்த மாதிரிக்கு உரியதுதானா? சமன்சக்கரம் தடையின்றி ஆடுகின்றதா? பழைய கைக்கடிகாரங்கள் பலவற்றில் அது நொடிக்கு ஐந்து முறை துடிக்கும். அவ்வொலி சீராக இருத்தல் வேண்டும்.

பளபளப்பை விரும்பி முகப்பைப் புதுப்பித்தல் பெருந்தவறு. மங்கிய முகப்பு, அக்கருவி வாழ்ந்த காலத்தின் சாசனம். அழித்தபின் அது மீளாது. உலர்ந்த எண்ணெயைக் களைந்து புது எண்ணெய் இடுவதோ இன்றியமையாதது. அஃதின்றி நாள்தோறும் சாவி கொடுத்தால், உலோகத்தோடு உலோகம் உராய்ந்து தேயும். இருளில் ஒளிரும் மிகப் பழைய முகப்புகளில் கதிரியக்கமுள்ள ரேடியம் இருத்தல் கூடும். அவற்றைத் திறவாதும் சுரண்டாதும் வைத்தல் நலம்.

பற்சக்கரங்களின் நுட்பம் அறிந்த கடிகாரப் பணியாளர் நாளடைவில் அருகி வருகின்றனர். நேயர்கள் தம் இல்லத்துப் பழங் கடிகாரத்தை அத்தகைய ஒருவரிடம் காட்டி, அது யாருடையது, எப்போது வாங்கப்பெற்றது என்பதைப் பெரியோரிடம் கேட்டுக் குறித்து வைத்தல் வேண்டும். அக்குறிப்பு இல்லையேல், தலைமுறை ஒன்று கழிந்தபின் அது வெறும் உலோகமாகவே எண்ணப்படும்.