கிளுவை வேலியில் ஒரு கூட்டுக்குடும்பம்... பிள்ளைகளுக்குத் தன்னையே உணவாக்கும் தாய்ச் சிலந்தி!

திருப்பூர் என்றதும் பனியனும் நூலும்தான் நினைவுக்கு வரும். அதே மாவட்டத்தில் காங்கேயம், தாராபுரம் பக்கம் போனால் மாடுகள் மேயும் கொறங்காடும், அதைச் சுற்றிக் கிளுவை முள்வேலியும்தான் காட்சி. இதுபோன்ற முள்ளும் புதருமான வறண்ட நிலம்தான், இன்னொரு நூல் தொழிலாளிக்குப் பிடித்த இடம். அதுதான் சமூகச் சிலந்தி!

அறிவியல் பெயர், ஸ்டெகோடைஃபஸ் சரசினோரம். இலங்கையில் உயிரினங்களைச் சேகரித்த சுவிட்சர்லாந்தின் பால் சரசின், ஃப்ரிட்ஸ் சரசின் ஆகியோரின் நினைவாக, 1892-ல் கார்ஷ் என்ற ஆய்வாளர் வைத்த பெயர் இது.

பெண் சிலந்தியே சுமார் 1 செ.மீ நீளம்தான். ஆனால், ஒரே கூட்டில் நூற்றுக்கணக்கில்கூட வாழும். உலகில் 50,000-க்கும் மேற்பட்ட சிலந்தி இனங்கள் உண்டு. அவற்றில் காலம் முழுக்கச் சேர்ந்தே வாழ்பவை முப்பதைக்கூடத் தாண்டாது. மற்றவை பெரும்பாலும் தனிக்காட்டு ராஜாக்கள்.

இதன் வலையில் பசை கிடையாது. பின்னங்கால்களில் உள்ள சீப்பு போன்ற மயிர்களால் மெல்லிய இழைகளைச் சீவிச் சீவி, பஞ்சுபோல ஆக்கிவிடும். ஃப்ளீஸ் துணியின் உட்புறம்போலப் பொசுபொசுவென்று இருக்கும் அந்த நூலில் பூச்சியின் கால் சிக்கினால், மீள்வது கஷ்டம். வலை அதிர்ந்ததும் பல சிலந்திகள் ஓடிவந்து, தங்களைவிடப் பெரிய வெட்டுக்கிளியைக்கூட மடக்கிப் பங்கிட்டுச் சாப்பிடும்.

குஞ்சுகள் பொரிந்ததும், தாய் தன் வயிற்றில் கரைத்த உணவை வாய்வழியாக ஊட்டும். கடைசியில், தன் உடலையே அவற்றுக்கு உணவாகக் கொடுத்துவிட்டு உயிரைவிடும்!

ஒரு கூட்டில் பிறந்தவை பெரும்பாலும் அதற்குள்ளேயே இணைவதால், மரபணு வேறுபாடு மிகக் குறைவு. நோயோ கடும் வறட்சியோ தாக்கினால், மொத்தக் கூடும் காலியாகலாம். உயிர்வேலியை வெட்டிவிட்டுக் கம்பிவேலி போட்டால், கூடு கட்டவே இடமிருக்காது.

பார்க்க அழுக்கு ஒட்டடை மாதிரிதான் இருக்கும். காய்ந்த இலையும் பூச்சித் தோலும் ஒட்டியிருக்கும். ஆனால், இது மனிதர்களைத் தேடிவந்து கடிக்கும் சிலந்தி அல்ல. அடுத்த முறை வேலியில் அப்படி ஒரு கூட்டைப் பார்த்தால், குச்சியால் கலைக்காமல், தீ வைக்காமல் இரண்டு நிமிடம் நின்று கவனியுங்கள். உள்ளே ஒரு கூட்டுக்குடும்பம் இருக்கிறது!