ஐந்து தோட்டா எல்லைக்குள் ஒரு ரைபிள்

கனடாவில் செமி ஆட்டோமேட்டிக் ரைபிளின் மகசினில் ஐந்து தோட்டாக்களுக்கு மேல் கொள்ளக் கூடாது. கைத்துப்பாக்கியின் மகசினுக்கு எல்லை பத்து. 1989 டிசம்பர் 6 அன்று மான்ட்ரியல் நகரின் எகோல் பாலிடெக்னிக் பொறியியல் கல்லூரியில் 14 பெண்கள் கொல்லப்பட்டார்கள். கொலையாளி கொண்டுவந்தது கடையில் சட்டப்படி வாங்கிய ரூகர் மினி-14 என்ற செமி ஆட்டோமேட்டிக் ரைபிள். உயிர் தப்பிய மாணவர்களும் இறந்தவர்களின் குடும்பத்தாரும் விடாமல் போராடினார்கள். 1991-ல் நிறைவேறிய சட்டத்தின் வழியாக மகசின் வரம்பு வந்தது. மகசின் மாற்ற ஆகும் சில நொடிகள்கூட ஓடித் தப்ப ஒருவருக்கு வாய்ப்புத் தரும் என்பதே இதன் நியாயம். அந்த நியாயம் வலுவானது.

வரம்பு எல்லா நீள் துப்பாக்கிகளுக்கும் ஒன்றுபோல் பொருந்தாது. விசையை இழுக்கும் ஒவ்வொரு முறையும் அடுத்த தோட்டா தானாக ஏறும் துப்பாக்கிக்குத்தான் ஐந்து என்ற கணக்கு. போல்ட்டையோ லீவரையோ கையால் இயக்கித் தோட்டா ஏற்றும் ரைபிளுக்கு அது இல்லை. சிறு பிராணிகளுக்கும் குறிப்பயிற்சிக்கும் பயன்படும் .22 ரைபிள்களுக்கும் பெரும்பாலும் இல்லை. எட்டுத் தோட்டா கிளிப் கொண்ட பழைய அமெரிக்க ராணுவ ரைபிளான எம்-1 கரண்டுக்கு விதிவிலக்கு உண்டு. குழலின் அறையில் ஏற்கெனவே ஏற்றியிருக்கும் ஒரு தோட்டா கணக்கில் சேராது.

எனவே ரைபிள் வாங்குபவர் முதலில் பார்க்க வேண்டியது, அது எந்த வேலைக்கு என்பதை. மான் வேட்டைக்காரருக்கு முதல் குண்டு முக்கியம், தப்பினால் இரண்டாவது. அதற்குள் மான் காட்டுக்குள் மறைந்துவிடும். ஆடு மாடுகளைக் கயோட்டி என்ற காட்டு நாயிடமிருந்து காக்கும் பண்ணைக்காரரின் தேவையும் ஏறக்குறைய இதுவே. வடக்கே பனிக்கரடி உலவும் இடங்களில் மட்டும் கதை வேறு. அங்கே பெரிய குண்டும், உறைபனியில் சிக்காத இயக்கமும் உயிர்காக்கும். இந்த மூன்று வேலையிலும் ஐந்து தோட்டா போதாமல் போவது அரிது.

போல்ட் ரைபிளின் அருமையைக் கனடிய ரேஞ்சர்களின் அனுபவம் காட்டுகிறது. வட துருவத்தை ஒட்டிய பகுதிகளைக் கண்காணிக்கும் இந்தப் பகுதிநேரப் படையினர், 1947 முதல் எழுபது ஆண்டுகள் அளவுக்கு .303 லீ-என்ஃபீல்டையே சுமந்தார்கள். இந்தியப் போலீஸார் தோளில் பல பத்தாண்டுகள் தொங்கிய அதே 'த்ரீ நாட் த்ரீ' குடும்பம்தான். பத்துத் தோட்டா மகசின், ஐந்தைந்தாக அடுக்கிய சார்ஜரால் மேலிருந்து நிரப்பும் வசதி, வழுக்கிச் செல்லும் போல்ட், கடுங்குளிரிலும் நின்றுவிடாத இயக்கம் என்று அதற்குப் பல நற்பெயர்கள். உதிரிப் பாகங்கள் கிடைப்பது கடினமானதால்தான் அதற்குப் பதிலாக சி-19 என்ற ரைபிள் வந்தது. ஃபின்லாந்தின் டிக்கா வடிவத்தை ஒன்டாரியோவின் கிச்சனர் நகரில் கோல்ட் கனடா நிறுவனம் தயாரித்தது. அதுவும் போல்ட் ரைபிள்தான். .308 தோட்டா, கழற்றக்கூடிய பத்துத் தோட்டா மகசின். புதிதாகத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு வந்தபோதும் ரேஞ்சர்களுக்குச் செமி ஆட்டோமேட்டிக் தரப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

லீவர் ரைபிள்களில் வின்செஸ்டர் 94, மார்லின் 336 ஆகியவை பெயர்பெற்றவை. இரண்டும் குட்டையானவை, மெலிந்தவை, அடர்காட்டுக்கு ஏற்றவை. குழலின் கீழ் ஓடும் குழாய் மகசினில் ஆறேழு .30-30 தோட்டாக்கள் கொள்ளும். பக்கவாட்டு வாயில் வழியாக எப்போது வேண்டுமானாலும் ஒன்றிரண்டைச் செருகிக்கொள்ளலாம். மகசின் மாற்றும் இடைவெளியே இல்லாததால் வரம்பு உள்ள நாட்டில் இது பெரிய வசதி. ஆனால் தோட்டாக்கள் ஒன்றின் பின் ஒன்றாக நிற்பதால், கூர்முனைக் குண்டு தனக்கு முன்னுள்ள தோட்டாவின் அடியிலிருக்கும் பிரைமரைக் குத்தி வெடிக்கவைக்கும் அபாயம் உண்டு. தட்டை முனைக் குண்டுகளே இதில் வழக்கம். தூரம் கூடக்கூட அவற்றின் வேகம் விரைவில் குறையும். இருநூறு மீட்டருக்கு அப்பால் அவை .308-க்கு ஈடாகாது. கரடி நாட்டில் பெரிய .45-70 லீவர் ரைபிளை நம்புவோர் பலர்.

எஸ்.கே.எஸ். போன்ற செமி ஆட்டோமேட்டிக்குகளின் பத்துத் தோட்டா மகசினை ரிவெட் அடித்து ஐந்தாகக் கட்டுப்படுத்தியே கனடாவில் விற்கிறார்கள். அந்த ரிவெட்டைப் பிடுங்குவது குற்றம். குட்டைக் குழல் ரைபிளான கார்பைனை விரும்புவோர் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். இத்தகைய செமி ஆட்டோமேட்டிக் ரைபிளின் குழல் 470 மில்லிமீட்டருக்குக் குறைந்தால், கூடுதல் கட்டுப்பாடுகள் உள்ள வகைக்குள் அது சென்றுவிடும்.

சட்டமும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. 2020 மே 1 அன்று அரசு சுமார் 1,500 மாடல்களைத் தடைசெய்தது. மினி-14, ஏஆர்-15, எம்-14 எல்லாம் அதில் அடக்கம். 2023 டிசம்பரில் வந்த சட்டம், அதற்குப் பின் வடிவமைக்கப்படும் சில செமி ஆட்டோமேட்டிக்குகளையும் தடைக்குள் கொண்டுவந்தது. பணம் கொடுத்து வாங்கியதை வைத்திருக்க முடியாமல் போவதே செமி ஆட்டோமேட்டிக்கின் பெரிய அபாயம்.

அதனால் ஒரே ஒரு ரைபிள் வைத்திருக்கப் போகிறவருக்கு, கழற்றக்கூடிய மகசினுள்ள .308 போல்ட் ரைபிளே சரியான தேர்வு. அடர்காட்டில் மட்டும் வேட்டையாடுபவருக்கு .30-30 லீவர். எதுவானாலும் உரிமம் பெற்று, காசு கொடுக்கும் முன் காவல்துறை வெளியிடும் துப்பாக்கி வகைப்பட்டியலில் அந்த மாடலைத் தேடிப் பார்த்துவிடுங்கள்.