தாடை எலும்பை மீட்கும் சிகிச்சை

குடவாசல் வட்டாரத்துச் சங்கம் ஒன்றில் நாம் கணக்குகளைப் பார்வையிட்டுக்கொண்டிருந்தபோது, நெசவாளரான முதிய அங்கத்தினர் ஒருவர் வந்து, "ஐயா, பல் கட்டிக்கொள்ளப் போனேன். தாடை எலும்பு தேய்ந்துவிட்டது, எலும்பு ஒட்டு வைத்தால்தான் பல் நிற்கும் என்கிறார்கள். நகைக் கடன் எடுத்துச் செய்துகொள்ளலாமா?" என்று கேட்டார். பற்களை எடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றனவாம். நீரிழிவும் உண்டாம். பேசும்போதே கன்னத்தில் புகையிலை அடங்கியிருந்தது.

கடன் கொடுப்பது சங்கத்தின் விதிகளைப் பொறுத்தது. ஆயினும், எதற்காகக் கடன் வாங்குகிறோம் என்பதை அறிந்து வாங்குவதே சிக்கனத்தின் முதற் பாடம். ஆகவே, இச்சிகிச்சையைப் பற்றி நாம் அறிந்தவற்றை அங்கத்தினர்களின் நன்மையைக் கருதி இங்கே எழுதுகிறோம்.

பல்லைத் தாங்கும் எலும்பு பல்லுக்காகவே இருப்பது. பல் போனபின் அதற்கு வேலையின்மையால், உடல் அதைச் சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது. கடைவாய்ப் பல் ஒன்றை எடுத்தபின் ஓராண்டிற்குள் அவ்விடத்து எலும்பின் அகலம் ஏறக்குறையப் பாதியாகக் குறைகிறது என்றும், அக்குறைவில் மூன்றில் இரு பங்கு முதல் மூன்று மாதங்களிலேயே நேர்ந்துவிடுகிறது என்றும் 2003ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆராய்ச்சி தெரிவிக்கின்றது. பல் இருக்கும்போதே எலும்பு போவதும் உண்டு. பல்லின் அடியில் படியும் காறையில் கிருமிகள் தங்கி ஈறு வீங்குகிறது. துலக்கும்போது இரத்தம் கசிகிறது. பெரும்பாலும் வலி இராது. பல் ஆடத் தொடங்கும்போது எலும்பில் பெரும் பகுதி போயிருக்கும். நீரிழிவும் புகையிலையும் இந்நோயை விரைவுபடுத்துகின்றன.

வெற்றிலையும் நம் மக்களின் பழக்கம். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குப் பெருமையே. கொடிக்கால் வைத்திருக்கும் அங்கத்தினர்களின் தொழிலை நாம் குறை கூறவில்லை. ஆனால் வெற்றிலையோடு சேரும் பாக்கும் புகையிலையும் தீங்கானவை. புகையிலை சேராத பாக்கும் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை 2004ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் முடிவு கூறியுள்ளது. தறியில் அமர்ந்தபடி புகையிலையை ஒரே இடத்தில் அடக்கி வைத்திருப்பவருக்கு, அவ்விடத்து ஈறு கீழிறங்கிப் பல்லின் வேர் வெளியே தெரிகிறது.

இனி, எலும்பு ஒட்டு என்பது யாது? ஒட்டு மாங்கன்றைப் போல வைத்த துண்டே வளர்ந்து பலன் தரும் என்று எண்ணலாகாது. கொடிக்காலில் அகத்தியைப் பற்றி வெற்றிலைக் கொடி ஏறுவதுபோல, வைத்த பொருளைப் பற்றிக்கொண்டு நம் சொந்த எலும்பே வளர வேண்டும். அப்பொருளை நோயாளியின் தாடையிலிருந்தே எடுப்பதுண்டு. பிறர் தானமளித்த எலும்பையோ, பதப்படுத்திய மாட்டெலும்பையோ, செயற்கை மணிகளையோ பயன்படுத்துவதும் உண்டு. எதை வைக்கப் போகிறார்கள் என்று கேட்டறிய நோயாளிக்கு உரிமை உண்டு. செயற்கை மணிகள் பெரும்பாலும் கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்தவை; நம் எலும்பின் தாதுப்பொருளும் அதுவே. திருவனந்தபுரத்து ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிலையம் இத்தகைய பொருள்களை நம் நாட்டிலேயே ஆராய்ந்து உருவாக்கியுள்ளது. மணிகளின்மேல் மெல்லிய சவ்வொன்றை மூடி ஈற்றைத் தைத்துவிடுவார்கள். இல்லாவிடில், விரைவாக வளரும் ஈற்றுச் சதை எலும்பு வளரவேண்டிய இடத்தைப் பிடித்துக்கொள்ளும். ஈறு குறைந்த இடத்திற்கு மேல் அண்ணத்திலிருந்து சதை எடுத்து வைப்பதும் உண்டு. எலும்பு உறுதிப்பட நான்கு முதல் ஆறு மாதங்களும், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும்.

இது எல்லோருக்கும் ஒன்றுபோல் பலிப்பதன்று. பல்லைச் சுற்றி எலும்புச் சுவர் நின்று, நடுவே குழி விழுந்திருந்தால் நன்கு பலிக்கிறது. எலும்பு மட்டம் முழுவதும் தாழ்ந்துவிட்டால் பழைய உயரத்தைப் பெறுவது அரிது. நீரிழிவு கட்டுக்கு அடங்காவிடினும், புகையிலையை விடாவிடினும் செய்த செலவு வீணாகக் கூடும்.

ஆகவே அம்முதியவருக்கு நாம் கூறியது இதுவே: "முதலில் நீரிழிவைக் கட்டுக்குக் கொண்டுவாருங்கள். புகையிலையை இன்றே விடுங்கள். பிறகு சிதம்பரத்திலோ சென்னையிலோ உள்ள அரசினர் பல் மருத்துவக் கல்லூரியில் மற்றொரு டாக்டரின் அபிப்பிராயத்தையும் கேளுங்கள். கழற்றி மாட்டும் பல்செட்டுக்குப் பெரும்பாலும் எலும்பு ஒட்டு வேண்டியதில்லை, செலவும் குறைவு. உங்களுக்கு அது போதுமா என்று கேட்ட பிறகு நகையைப் பற்றி யோசிக்கலாம்." அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, வெளியே சென்று வாயைக் கொப்புளித்துவிட்டு வந்தார்.

மற்ற அங்கத்தினர்களுக்கு நாம் கூற விரும்புவது இன்னும் எளிது. ஈற்றில் இரத்தம் கசிவதைக் கண்டவுடனே டாக்டரிடம் செல்லுங்கள், காறையை அகற்றிக்கொள்ளுங்கள். பல்லை எடுக்க நேர்ந்தால், அவ்விடத்து எலும்பைக் காக்க வழி உண்டா என்று எடுப்பதற்கு முன்பே கேளுங்கள். சங்க நிர்வாகிகள் ஆண்டிற்கொரு முறை பல் மருத்துவ முகாம் நடத்த முயல்வார்களாக. வரப்பில் நண்டு வளை கண்டபோதே அடைப்பவர், உடைப்பெடுத்த பின் மண் சுமப்பதில்லை.