டாக்டரும் கம்ப்யூட்டரும் கை கோர்த்தால்...

"கம்ப்யூட்டர் வந்தால் நம் வேலை போய்விடுமோ?" ஆபீசில் வேலை பார்க்கும் பலருக்கும் இந்தப் பயம் உண்டு.

அமெரிக்காவில் 2016-ம் ஆண்டு நடந்த ஓர் ஆராய்ச்சி வேறு வழி காட்டியது. ஹார்வர்டு மருத்துவக் கல்லூரி டாக்டர்களும், எம்.ஐ.டி. கம்ப்யூட்டர் நிபுணர்களும் சேர்ந்து அதை நடத்தினார்கள்.

மார்பகப் புற்றுநோய் நிணநீர் சுரப்பிக்குப் பரவி இருக்கிறதா? திசுவின் படத்தைப் பார்த்துச் சொல்ல கம்ப்யூட்டரைப் பழக்கினார்கள்.

கம்ப்யூட்டர் சொன்னது சுமார் 92 சதவீதம் சரி. டாக்டர் சொன்னது 96 சதவீதம். இரண்டையும் சேர்த்தபோது 99.5 சதவீதம்!

காரணம் என்ன? ஒருவர் தவறிய இடத்தில் பெரும்பாலும் மற்றவர் தவறவில்லை.

நோய் பரவியது தெரியாமல் போனால் தக்க சிகிச்சை கிடைக்காது. அந்த மூன்றரை சதவீதம் பல உயிர்களின் கணக்கு. டாக்டரின் நாற்காலியும் பறிபோகவில்லை.