அழிய மறுக்கும் கோப்புகள்

தாம்பரம் ரயில் நிலையத்திலிருந்து வெளியே வந்து, மேற்கே முடிச்சூர் சாலைப் பக்கமோ கிழக்கே வேளச்சேரி சாலைப் பக்கமோ சற்றுத் தூரம் நடந்து பாருங்கள். ஜெராக்ஸ், டி.டி.பி., ஆன்லைன் விண்ணப்பம் என்று பலகை மாட்டிய சின்னஞ்சிறு கடைகள் கண்ணில் படும். பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியானதும் இக்கடைகளில் கூட்டம் நெரியும். கல்லூரிச் சேர்க்கைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்கள் மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்றிதழ், ஆதார் அட்டை ஆகியவற்றை ஸ்கேன் செய்து அனுப்பிக்கொண்டிருப்பார்கள்.

நீங்களும் அப்படி ஒரு கடையில் அமர்ந்திருப்பதாக வைத்துக்கொள்வோம். விண்ணப்பம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆனால் உங்கள் சான்றிதழ்களின் பிரதிகள் கடைக்காரரின் கணிப்பொறியில் கிடக்கின்றன. அவற்றை அங்கே விட்டுவிட்டு வரலாமா? கூடாது. கோப்பைத் தேர்ந்தெடுத்து டெலீட் விசையைத் தட்டுகிறீர்கள். கணிப்பொறி மறுக்கிறது! ‘இக்கோப்பு வேறொரு நிரலில் திறந்திருக்கிறது, ஆகவே இச்செயலை முடிக்க இயலாது’ என்ற பொருளில் ஓர் அறிவிப்பு வருகிறது. மறுபடி தட்டுகிறீர்கள், அதே பதில். பின்னால் நிற்பவர், “தம்பி, முடிஞ்சுதா?” என்கிறார். எழுந்து வந்துவிடுகிறீர்கள். சான்றிதழ்கள் அங்கேயே தங்கிவிடுகின்றன.

கணிப்பொறி ஏன் இப்படி அடம்பிடிக்கிறது? நாம் பெரும்பாலும் படிக்காமலேயே மூடிவிடும் அந்தச் சிறு அறிவிப்பில்தான் விடை இருக்கிறது. அழிக்க மறுப்பதற்குப் பல காரணங்கள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பும் வேறு, பரிகாரமும் வேறு. அவற்றைப் பார்ப்பதற்கு முன், அழித்தல் என்றால் என்ன என்பதைத் தெரிந்துகொள்வோம்.

பதிவேடும் பண்டமும்

சிலேட்டில் எழுதியதை ஈரத்துணியால் துடைப்பது போலக் கணிப்பொறி கோப்பை அழிக்கிறது என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. வட்டில் ஒரு பதிவேடு இருக்கிறது. இன்ன பெயருள்ள கோப்பு இன்ன இடத்தில் தொடங்குகிறது என்று அதில் எழுதப்பட்டிருக்கும். நாம் ‘அழி’ என்றதும் கணிப்பொறி அப்பதிவேட்டில் ஒரு வரியை அடித்துவிட்டு, ‘இந்த இடம் காலி’ என்று குறித்துக்கொள்கிறது; அவ்வளவுதான். இன்றும் பல பென் டிரைவ்களில் உள்ள ‘ஃபேட் 32’ முறையில் நடப்பது இன்னும் வேடிக்கையானது. கோப்புப் பெயரின் முதல் எழுத்து இருந்த இடத்தில் 229 என்ற எண்ணைப் பதிகிறது. ‘இவ்வரி செல்லாது’ என்பதற்கு அதுவே அடையாளம். கோப்பின் உள்ளடக்கம் வேறொரு கோப்பு அந்த இடத்தில் வந்து உட்காரும்வரை அப்படியே இருக்கும்.

தாம்பரம் வட்டாரத்தாருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. ஏரியும் நீர்வழியும் வரைபடத்தில் மனைகளாக மாறிவிட்டாலும் தண்ணீர் தன் பழைய இடத்தை மறப்பதில்லை என்பதை 2015 டிசம்பரில் நேரிலேயே பார்த்தவர்கள் அவர்கள்.

ஆகவே அழிக்கும் செயல் என்பது பதிவேட்டில் கை வைக்கும் செயல். அதைச் செய்வதற்கு முன் இயக்க அமைப்பு சில கேள்விகள் கேட்கும். இப்போது இதை யாராவது உபயோகிக்கிறார்களா? கேட்பவருக்கு அதிகாரம் உண்டா? இந்தப் பெயர் எனக்குப் புரிகிறதா? பதிவேட்டில் எழுத முடிகிறதா? இவற்றில் ஒன்றுக்கு விடை சரியில்லை என்றாலும் வேலை நின்றுவிடும்.

யார் கையில் இருக்கிறது?

விண்டோஸில் ஒரு நிரல் ஒரு கோப்பைத் திறக்கும்போது, ‘நான் வைத்திருக்கும்வரை மற்றவர்கள் இதைப் படிக்கலாமா, இதில் எழுதலாமா, இதை அழிக்கலாமா’ என்று முன்கூட்டியே தெரிவித்துவிடும். பெரும்பாலான நிரல்கள் அழிக்க அனுமதி தருவதில்லை. நூலகத்தில் ஒருவர் படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைக் கழிவுப் பட்டியலில் சேர்க்க மாட்டார்கள் அல்லவா? அதே நியாயம்தான்.

சிக்கல் என்னவென்றால், திறந்து வைத்திருப்பவர் யார் என்பது கண்ணுக்குத் தெரியாமல் இருக்கலாம். படம் பார்க்கும் நிரலை மூடிவிட்டீர்கள். ஆனால் ஸ்கேன் செய்த நிரல் இன்னும் பிடித்திருக்கலாம். விண்ணப்பத்தை ஏற்றிய பிரௌசர் பக்கம் பிடித்திருக்கலாம். அச்சு வரிசையில் நிற்கும் வேலை, வைரஸ் தடுப்பு நிரல், கோப்புறைச் சாளரத்தின் ஓரத்தில் கோப்பின் முன்காட்சியைக் காட்டும் பகுதி ஆகிய எதுவும் காரணமாக இருக்கலாம். எனவே அவற்றையெல்லாம் மூடிவிட்டு, பத்து விநாடி பொறுத்து, மீண்டும் முயலுங்கள். பெரும்பாலும் அதுவே போதும்.

அதற்கும் மசியவில்லையா? கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்துங்கள். ‘டாஸ்க் மேனேஜர்’ திறக்கும். ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களின் பட்டியலை அங்கே காணலாம். ‘ரிசோர்ஸ் மானிட்டர்’ என்ற சாளரத்தில் சி.பி.யு. பகுதிக்குப் போய், ‘அசோசியேட்டட் ஹேண்டில்ஸ்’ என்ற தேடு கட்டத்தில் கோப்பின் பெயரை இட்டால், அதைப் பிடித்திருக்கும் நிரலின் பெயர் வந்துவிடும். அதுவும் முடியாதபோது கணிப்பொறியை ‘ரீஸ்டார்ட்’ செய்யலாம். ‘ஷட் டவுன்’ செய்து மறுபடி இயக்கினாலும் ஒன்றுதானே என்று கேட்காதீர்கள். விண்டோஸ் 8 முதல், விரைவாகத் தொடங்குவதற்காக இயக்க அமைப்பின் உட்பகுதியை வட்டில் சேமித்து வைத்துக்கொண்டுதான் பல கணிப்பொறிகள் அணைகின்றன. முழுமையான புதுத் தொடக்கம் ரீஸ்டார்ட்டில்தான் கிடைக்கும். எக்காரணம் கொண்டும் சுவரில் உள்ள சுவிட்சை அணைத்துக் காரியத்தை முடிக்கப் பார்க்காதீர்கள். பதிவேட்டில் எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் நின்றால் பதிவேடே குழம்பிவிடும். அதன்பின் ‘கோப்பு சிதைந்துவிட்டது’ என்ற வேறோர் அறிவிப்பு வரும். அது இதைவிடப் பெரிய தலைவலி.

எல்லா இயக்க அமைப்புகளும் இப்படி மறுப்பதில்லை. தாம்பரத்துக்கு அருகே, குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்திலுள்ள ஏ.யு.-கே.பி.சி. ஆய்வு மையமும் சென்னை சி-டாக் நிறுவனமும் சேர்ந்து 2005-இல் கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய மையம் ஒன்றைத் தொடங்கின. அம்முயற்சியில் சி-டாக் உருவாக்கிய ‘பாஸ் லினக்ஸ்’ 2007-இல் வெளிவந்தது. தமிழக அரசு 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தின் கருவிகள் பலவற்றில் விண்டோஸுடன் இதுவும் இருந்தது. அந்த மடிக்கணினி பெற்ற மாணவர்கள் ஒரு விந்தையைக் கவனித்திருக்கலாம். லினக்ஸில் ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே அக்கோப்பை அழித்துவிடலாம், பாட்டும் நிற்காது! லினக்ஸ் பெயரை மட்டும் உடனே நீக்கிவிட்டு, உள்ளடக்கத்தை உபயோகிப்பவர் விடும்வரை காத்திருக்கும். அதனால் பெரிய கோப்பை அழித்த பிறகும் வட்டில் இடம் கூடாமல் இருப்பதுண்டு. எது மேல் என்று கேட்டால், புதிதாகப் பழகுபவருக்கு விண்டோஸின் மறுப்பே பாதுகாப்பு என்பேன்.

சரி, கடைக்கே திரும்புவோம். கோப்பு அழிந்துவிட்டது. ஆனால் அது ‘ரீசைக்கிள் பின்’ என்னும் குப்பைக் கூடைக்குத்தான் போயிருக்கும். ஷிஃப்ட் விசையோடு டெலீட்டைத் தட்டியிருந்தால் கூடைக்குப் போகாது. பதிவேட்டு வரி நேரே அடிபடும். அப்போதும் உள்ளடக்கம் இருக்கும் என்று முன்பே பார்த்தோம். ‘போட்டோரெக்’ போன்ற இலவச நிரல்கள் அதை மீட்டுத் தந்துவிடும். எஸ்.எஸ்.டி. எனப்படும் புதுவகை வட்டுகளில் மட்டும் நிலைமை மாறுகிறது. காலியான இடங்கள் எவை என்று இயக்க அமைப்பு வட்டுக்குச் சொல்லிவிடும். வட்டும் அவற்றைத் தானே துடைத்துவிடும். அதன்பின் மீட்பது அரிது. உங்களுக்கு நல்லதுதான், தவறி அழித்தவருக்குத்தான் கஷ்டம். ஸ்கேன் கோப்புகளோடு ‘டவுன்லோட்ஸ்’ கோப்புறையையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். கடையின் கணிப்பொறியில் உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்திருந்தால், அதிலிருந்து வெளியேறிவிட்டு எழுந்திருங்கள்.

அதிகாரம் யாருக்கு?

2015 டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. முடிச்சூர், வரதராஜபுரம் பகுதிகளில் வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. இப்படிப்பட்ட சமயங்களில், கணிப்பொறிப் பெட்டி பழுதானாலும் வன்தட்டு பிழைத்திருந்தால், அதைக் கழற்றி வேறொரு கணிப்பொறியில் மாட்டுவார்கள். (தண்ணீரில் மூழ்கிய தட்டுக்கு நாமே மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது ஆபத்து. வன்தட்டுகள் பலவற்றில் காற்று போய்வர நுண்ணிய துளை உண்டு. அதன் வழியே நீர் உள்ளே போயிருக்கக்கூடும்.) மாட்டிய பிறகு வருவதுதான் இரண்டாம் வகை மறுப்பு: ‘இதைச் செய்ய உங்களுக்கு அனுமதி தேவை.’

என் கோப்பை அழிக்க எனக்கே அனுமதியா என்று கோபம் வரும். ஆனால் பழைய கணிப்பொறி உங்களைப் பெயரால் அறிந்திருக்கவில்லை. ஒரு நீண்ட எண்ணால் அறிந்திருந்தது. புதிய கணிப்பொறி உங்களுக்கு வேறு எண் கொடுத்திருக்கிறது. இரண்டிலும் நீங்கள் ஒரே பெயரை வைத்திருந்தாலும் எண்கள் வேறு; ஆகவே கணிப்பொறியின் கண்ணில் நீங்கள் அந்நியர். நிர்வாகியாக நுழைந்து, அக்கோப்புறையின் ‘பிராப்பர்ட்டீஸ்’, ‘செக்யூரிட்டி’, ‘அட்வான்ஸ்டு’ என்று வரிசையாகப் போய், உரிமையாளர் பெயரை உங்களுக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பட்டா மாற்றுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஆனால் சில நிமிடங்களில் முடிந்துவிடும். விண்டோஸின் சொந்தக் கோப்புறைகளில் மட்டும் இந்த வித்தையைக் காட்டாதீர்கள்.

பெயரால் வரும் வில்லங்கம்

தமிழில் கோப்புகளுக்குப் பெயர் வைப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ‘தாம்பரம்’ என்பதில் எத்தனை எழுத்து? தா, ம், ப, ர, ம் என ஐந்து. கணிப்பொறிக்கோ எட்டு! துணைக்காலும் புள்ளியும் அதற்குத் தனித்தனிக் குறிகள். விண்டோஸில் ஒரு பெயருக்கு 255 குறிகள்வரை இடமுண்டு. லினக்ஸில் 255 பைட்டுகள். ஆனால் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் செலவாகும். எனவே ‘தாம்பரம்’ என்று லினக்ஸில் பத்து முறை தொடர்ந்து எழுதிப் பெயர் வைக்கலாம். பதினோராம் முறைக்கு இடமில்லை. ஆங்கில எழுத்தில் எழுதினால் 31 முறை எழுதலாம்.

விண்டோஸில் வேறோர் எல்லையும் உண்டு. கோப்புறைக்குள் கோப்புறையாகப் போகும் முழு முகவரியும் 260 குறிகளுக்குள் இருக்க வேண்டும் என்பது அதன் பழைய வழக்கம். உள்ளே கோப்புகளை வைத்துவிட்டுப் பிறகு வெளிக் கோப்புறையின் பெயரை நீட்டினால் எல்லை மீறிப்போகும். கோப்பு இருக்கும், திறக்கவும் வராது, அழிக்கவும் வராது. பரிகாரம் எளிது. வெளிக் கோப்புறைக்கு ‘அ’ என்று ஒற்றை எழுத்தில் பெயர் வைத்துவிட்டு அழியுங்கள்.

இன்னொரு கதை கேளுங்கள். ‘கான்’ என்று, அதாவது சி, ஓ, என் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளில், எந்தக் கோப்புறைக்கும் பெயரிட முடியாது என்பதை ஓர் இந்தியர் கண்டுபிடித்தாராம். மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தாருக்கே காரணம் தெரியவில்லையாம். இப்படி ஒரு மின்னஞ்சல் சில ஆண்டுகளுக்கு முன் ஊரெல்லாம் சுற்றியது. காரணம் நன்றாகவே தெரியும். 1981-இல் வந்த டாஸ் இயக்க அமைப்பில் விசைப்பலகைக்கும் திரைக்கும் சேர்த்து வைத்த பெயர் அது; அச்சுப்பொறிக்கும் அப்படி ஒரு பெயர் உண்டு. அப்போது கோப்புறைகளே கிடையாது. 1983-இல் அவை வந்தபோது, பழைய நிரல்கள் கெடாமலிருக்க, அப்பெயர்கள் எல்லாக் கோப்புறைகளிலும் செல்லும் என்று வைத்துவிட்டார்கள். இன்றும் அதன் வால் தொடர்கிறது. வேறு இயக்க அமைப்பிலிருந்தோ குறும்புக்காரர் கையிலிருந்தோ அப்படி ஒரு கோப்புறை வந்து சேர்ந்தால் சாதாரண வழியில் அழியாது. புள்ளியிலோ இடைவெளியிலோ முடியும் பெயர்களும் இதே ரகம். கண்முன்னே தெரியும் கோப்பைக் ‘காணவில்லை’ என்பார் விண்டோஸார்! இவற்றுக்கெல்லாம் ஒரே சாவி: கட்டளைச் சாளரத்தில் அழிப்புக் கட்டளையைத் தரும்போது, முழு முகவரிக்கு முன்னால் \\?\ என்ற நான்கு குறிகளை இடுங்கள். ‘பெயருக்கு அர்த்தம் பார்க்காதே, அப்படியே வட்டுக்கு அனுப்பு’ என்பது அதன் பொருள்.

எழுத மறுக்கும் வட்டு

கடைசி வகைதான் அலட்சியம் செய்யக் கூடாதது. ‘வட்டு எழுத்துக் காப்புடன் உள்ளது’ என்று பென் டிரைவ் சொன்னால் முதலில் அதன் பக்கவாட்டில் சிறு நகர்த்து பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள், எஸ்.டி. கார்டுகளில் பெரும்பாலும் இருக்கும். பொத்தான் இல்லையென்றால், அதன் நினைவுச் செல்கள் தேய்ந்திருக்கக்கூடும். ஒரு செல்லில் சில நூறு முதல் சில ஆயிரம் முறைதான் எழுதி அழிக்க முடியும். இனி எழுதினால் இருப்பதும் கெடும் என்று கண்டதும் உள்ளிருக்கும் கட்டுப்பாட்டுச் சில்லு எழுதும் வழியை அடைத்துவிட்டு, படிக்கும் வழியை மட்டும் திறந்து வைக்கிறது.

என் அண்டை வீட்டுக்காரர் ஒருவர் பேத்தியின் படங்கள் இருந்த பென் டிரைவைக் கொண்டுவந்து, “சார், ரெண்டு கோப்பை அழிக்க வரமாட்டேங்குது, ஃபார்மேட் பண்ணிக் கொடுங்க” என்றார். முதலில் எல்லாவற்றையும் வேறிடத்தில் பிரதி எடுத்தோம். மறுநாள் அதைச் செருகியபோது கணிப்பொறி அதைக் கண்டுகொள்ளவே இல்லை. நீங்களும் இந்த அறிவிப்பைக் கண்டால் பழுது பார்க்கும் கட்டளைகளை ஓட்டிப் பார்க்காமல், முதலில் பிரதி எடுத்துவிடுங்கள்.

பிரதி எடுத்தாயிற்று, ஆனால் அந்தப் பென் டிரைவில் உங்கள் ஆதார் அட்டையும் மதிப்பெண் பட்டியலும் அழியாமல் கிடக்கின்றனவே? அதற்கு மென்பொருளில் வழியில்லை. மேலுறையைக் கழற்றி, உள்ளே பலகையில் இருக்கும் கறுப்பு நிறச் சில்லுகள் எல்லாவற்றையும் சுத்தியலால் உடைத்துவிட்டு, மிச்சத்தை மின்கழிவு சேகரிப்பவரிடம் கொடுங்கள். சில்லு தெறிக்கும், ஒரு பழைய துணியால் மூடிக்கொண்டு அடியுங்கள்.