மொழிபெயர்ப்பு நாவலைத் திறனாயும் கட்டுரை: 'பதேர் பாஞ்சாலி'யை முன்வைத்துச் சில விளக்கங்கள்

1. முன்னுரை

நாவலொன்றைப் பற்றித் திறனாய்வுக் கட்டுரை எழுத முற்படுவோர் கதைச் சுருக்கம், பாத்திரப் படைப்பு, நடை, சமுதாயப் பார்வை என்னும் தலைப்புகளை வரிசையாக அமைத்துக்கொண்டு எழுதுவது நம்மிடையே நெடுநாளைய வழக்கம். தமிழிலேயே எழுதப்பட்ட நாவலுக்கு இவ்வமைப்பு ஓரளவு பயன்படும். மொழிபெயர்ப்பில் படித்த நாவலுக்கு இதனை அப்படியே கையாளும்போது ஒரு சிக்கல் எழுகிறது. 'நடை' என்னும் தலைப்பின் கீழ் பேசப்படுவது எவருடைய நடை? மூல ஆசிரியருடையதா, மொழிபெயர்ப்பாளருடையதா? இவ்வினாவை எழுப்பாத கட்டுரை, மூல ஆசிரியருக்கு உரியதல்லாத ஒன்றை அவர்மேல் ஏற்றிக் கூறுகிறது. மொழிபெயர்ப்பாளரின் உழைப்பையும் மறைத்துவிடுகிறது.

திறனாய்வுக் கட்டுரையின் ஒவ்வொரு முடிவும் நாவலின் எந்தத் தளத்துச் சான்றின்மேல் நிற்கிறது என்பதைப் பிரித்தறிந்து எழுதும் முறையை இக்கட்டுரை விளக்குகிறது. எடுத்துக்காட்டாகக் கொள்ளப்படுவது விபூதிபூஷண் பந்தோபாத்யாய எழுதி 1929-இல் நூலாக வெளிவந்த 'பதேர் பாஞ்சாலி' என்னும் வங்காள நாவல். இதனைத் தமிழில் ஆர். சண்முகசுந்தரம் மொழிபெயர்த்துள்ளார். இங்குச் சுட்டப்படும் மொழி வேறுபாடுகள் எந்த ஒரு மொழிபெயர்ப்பின் குறைகளும் அல்ல. வங்காளத்தின் அமைப்பும் தமிழின் அமைப்பும் வேறுபடுவதால் எழுபவை.

2. லேக் மார்க்கெட்: ஓர் இருமொழிச் சூழல்

தென் கொல்கத்தாவில் ராஸ்பிஹாரி அவென்யூவை ஒட்டியுள்ள லேக் மார்க்கெட் பகுதி, இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலிருந்தே அலுவலகப் பணிகளுக்காக வந்த தமிழ்க் குடும்பங்கள் தங்கி வாழ்ந்த இடம். பழைய சந்தை இருந்த இடத்தில் இன்று லேக் மால் என்னும் வணிக வளாகம் நிற்கிறது. எனினும் வாழையிலை, முருங்கைக்காய், காப்பிப்பொடி, தொடுத்த பூ ஆகியவற்றைத் தேடி வருவோர் இன்றும் இப்பகுதிக்கே வருகின்றனர். இதற்கு அண்மையிலுள்ள அசுவினி தத்தர் சாலையில்தான் சரத்சந்திரர் 1938-இல் மறையும் வரை தம் இறுதி ஆண்டுகளில் வாழ்ந்த இல்லம் உள்ளது. தமிழ் வாசகர்கள் இரண்டு மூன்று தலைமுறைகளாக மொழிபெயர்ப்பில் படித்த ஆசிரியர் ஒருவரின் வீடு, தமிழ் பேசும் தெருக்களுக்கு நடந்து செல்லும் தொலைவில் இருக்கிறது.

இச்சூழல் நம் ஆய்வுப் பொருளுக்கு நேரடியாகப் பயன்படுவது. வீட்டில் தமிழும் வெளியில் வங்காளமும் பேசி வளர்ந்தவர்கள் இங்கு உண்டு. 'நீலகண்டப் பறவையைத் தேடி'யைத் தமிழுக்குத் தந்த சு. கிருஷ்ணமூர்த்தி போன்ற மொழிபெயர்ப்பாளர்கள் கொல்கத்தாவிலேயே வாழ்ந்து பணியாற்றியவர்கள். இப்பகுதியின் தெருவில் 'மாமி' என்னும் ஒலி இரு மொழிகளிலும் கேட்கும். வங்காளத்தில் அது தாய்மாமன் மனைவியை மட்டுமே குறிக்கும்; தமிழில் உறவல்லாத, மணமான பெண்ணை அழைக்கவும் சில சமூகத்தாரிடையே வழங்கும். வங்காளத் 'தாதா' அண்ணன்; தமிழ்த் 'தாத்தா' பாட்டன். பேச்சில் இவ்வேறுபாடு நொடியில் தெளிந்துவிடும். நாவலுக்குள் நுழையும்போது தெளிவது அத்துணை எளிதன்று.

3. கதைச் சுருக்கமும் கருதுகோளும்

கதையை மீண்டும் சொல்வது திறனாய்வு ஆகாது. திறனாய்வுக் கட்டுரைக்கு ஒரு கருதுகோள் வேண்டும். அதனை மற்றொருவர் மறுக்க இடமிருக்கவும் வேண்டும். 'பதேர் பாஞ்சாலி வறுமையைச் சித்தரிக்கும் நாவல்' என்னும் கூற்றை எவரும் மறுக்கப் போவதில்லை. ஆகவே அதனை நிறுவும் தேவையும் இல்லை. 'இந்நாவலில் வழி என்பது எல்லோருக்கும் திறப்பதில்லை. பெண்களுக்கு அது அடைபட்டே இருக்கிறது' என்னும் கூற்று கருதுகோளாகும். அதற்குச் சான்று தேட வேண்டும், எதிர்ச்சான்றும் கிடைக்கக்கூடும்.

சான்றுகளைப் பார்ப்போம். ஹரிஹரருக்குத் தூரத்து உறவில் தமக்கை முறையாகும் முதியவள் இந்திர் தாக்ருண், அவ்வீட்டில் இடமற்றவளாகி இறக்கிறாள். ஹரிஹரரின் மகள் துர்கா, ரயிலைக் காண வேண்டும் என்னும் ஆசை நிறைவேறாமலே இறந்துபோகிறாள். அவள் தம்பி அபு, கிராமத்தை விட்டு ரயிலில் செல்லும்போது அவளை நினைக்கிறான். இம்மூன்று நிகழ்ச்சிகளும் கருதுகோளுக்கு வலுவூட்டுகின்றன.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. சத்யஜித் ராய் 1955-இல் எடுத்த திரைப்படத்தில் துர்காவும் அபுவும் நாணற்பூ வெளியில் ஓடி ரயிலைக் காண்கின்றனர். திரைப்படத்தை நினைவில் வைத்து நாவலைப் பற்றி எழுதுவோர் இக்காட்சியை நாவலுக்கும் உரியதாகக் கொண்டால் மேற்கூறிய கருதுகோளின் நடுச்சான்றே தலைகீழாகிவிடும். நாவலில் முதற்பகுதியிலேயே இறந்துவிடும் இந்திர் தாக்ருணும் திரைப்படத்தில் அபு சிறுவனாகும் வரை வாழ்கிறாள். குடும்பம் கிராமத்தை விட்டுப் புறப்படுவதோடு படம் முடிகிறது. நாவலோ காசிக்கும் அதற்கப்பாலும் தொடர்கிறது. ஆகவே எந்தப் பனுவலைப் பற்றி எழுதுகிறோம் என்பதைக் கட்டுரையாளர் முதலிலேயே வரையறுத்துக்கொள்ள வேண்டும்.

எதிர்ச்சான்றும் உண்டு. அபுவின் தாய் சர்வஜயாவும் கிராமத்தை விட்டுச் செல்கிறாள். வழி அவளுக்குத் திறந்ததன்றோ என்று ஒருவர் வினவலாம். ஆனால் காசியில் ஹரிஹரர் இறந்தபின் அவள் செல்வர் வீட்டில் சமையல் வேலை செய்து பிழைக்க நேர்கிறது. இதனைக் கருத்திற்கொண்டால் கருதுகோளைச் சற்றுத் திருத்த வேண்டும்: பெண்ணுக்கு வழி திறந்தாலும் அது ஓர் அடுக்களையிலிருந்து மற்றோர் அடுக்களைக்கே இட்டுச் செல்கிறது. எதிர்ச்சான்றை மறைக்காமல் அதனால் கருதுகோளைச் செம்மை செய்துகொள்வதே நல்ல கட்டுரையின் இயல்பு.

மேற்கண்ட சான்றுகள் அனைத்தும் நிகழ்ச்சித் தளத்தைச் சார்ந்தவை. முழுமையாகப் பெயர்க்கப்பட்ட எம்மொழிப் பதிப்பிலும் இவை மாறா. ஆகவே தமிழில் மட்டும் படித்தவரும் இத்தளத்தில் துணிந்து முடிவு கூறலாம்.

4. தலைப்புகள் என்னும் சான்று

நிகழ்ச்சித் தளத்திற்கும் மொழித் தளத்திற்கும் இடைப்பட்டவை தலைப்புகள். 'பதேர்' என்பது 'பத்' என்னும் பெயரோடு ஆறாம் வேற்றுமை உருபு சேர்ந்த வடிவம். 'வழியினுடைய' என்று பொருள்படும். 'பாஞ்சாலி' என்பது வங்காளத்தில் இசையோடு கூறப்படும் கதைப்பாடல் வகை. தமிழ் வாசகருக்கோ 'பாஞ்சாலி' என்றதும் திரௌபதியே நினைவுக்கு வருவாள். பாரதியாரின் 'பாஞ்சாலி சபதம்' அதனை மேலும் உறுதிப்படுத்துகிறது. தலைப்பை ஒலிபெயர்த்து வைத்துக்கொண்டு, துகிலுரியப்பட்ட பெண்ணின் துயரத்தை இந்நாவல் குறிப்பாக உணர்த்துகிறது என்று ஒருவர் எழுதினால், அம்முடிவு தமிழ் எழுத்துகளிலிருந்து பிறந்ததேயன்றி நாவலிலிருந்து பிறந்ததன்று.

இதற்கு மாறாக, உட்பகுதித் தலைப்புகள் நல்ல சான்றாகின்றன. முதற்பகுதியின் தலைப்பு 'பல்லாலி பாலாய்'. 'பாலாய்' என்பது கேடு, தொல்லை. பல்லாளசேன மன்னனோடு தொடர்புபடுத்திக் கூறப்படும் குலீன முறையை இத்தலைப்பு சுட்டுகிறது. அம்முறையில் பல பெண்களை மணந்த ஒருவனுக்கு மனைவியானவளே இந்திர் தாக்ருண். இதனை அறிந்தவர், அம்முதியவளின் நிலையைச் சர்வஜயாவின் கடுமையால் மட்டும் விளைந்ததாகக் கருதமாட்டார். இரண்டாம் பகுதியின் தலைப்பு மாங்கொட்டையால் செய்யும் ஊதலைக் குறிக்கிறது; அது குழந்தைகளின் உலகம். மூன்றாம் பகுதியின் தலைப்பு 'அக்ரூர் சம்வாத்'. கண்ணனைக் கோகுலத்திலிருந்து மதுரைக்கு அழைத்துச் செல்ல வந்த அக்ரூரரைத் தமிழ் வாசகரும் அறிவர். ஊர் நீங்குதல் என்னும் பொருளை இத்தலைப்பே உணர்த்துகிறது. ஒரே நாவலின் தலைப்புகளுள் ஒன்று தமிழரை வழி தவறச் செய்கிறது. மற்றொன்று விளக்கமின்றியே விளங்குகிறது.

5. மொழித் தளம்

5.1 எழுத்து வழக்கும் தேர்வும்

வங்காள உரைநடையில் 'சாது', 'சலித' என இரு வழக்குகள் இருந்தன. 'அவர்கள்' என்பதற்குச் சாது வழக்கில் 'தாஹாரா', சலித வழக்கில் 'தாரா'. பிரமத சௌதுரி 1914-இல் தொடங்கிய 'சபுஜ் பத்ர' இதழ் சலித வழக்கிற்கு ஆதரவாக நின்றது. தாகூர் தம் 'கரே பாய்ரே' நாவலை (1916) அவ்வழக்கிலேயே எழுதினார். ஆகவே 1929-இல் 'பதேர் பாஞ்சாலி'யின் கதைக்கூற்று சாது வழக்கிலும் உரையாடல் பேச்சு வழக்கிலும் அமைந்திருப்பது ஆசிரியர் செய்த தேர்வு. தமிழிலும் கதைக்கூற்றை எழுத்து வழக்கிலும் உரையாடலைப் பேச்சு வழக்கிலும் அமைப்பது பெருவழக்கு. பெயர்ப்பு இயல்பாகப் பொருந்திவிடுவது போலத் தோன்றும். ஆயினும் மூலத்தில் தேர்வாக இருந்தது தமிழில் இயல்புநிலையாகிவிடுகிறது. தமிழ்ப் பெயர்ப்பைக் கொண்டு 'ஆசிரியரின் எளிய நடை' என்று பாராட்டுபவர், காணாத ஒன்றைப் பாராட்டுகிறார்.

5.2 முன்னிலையும் படர்க்கையும்

வங்காளத்தில் முன்னிலை ஒருமை மூன்று படிகளை உடையது: துய், துமி, ஆப்னி. தமிழ் 'நீ' முதலிரண்டையும் தன்னுள் அடக்கிக்கொள்கிறது. 'துமி'யிலிருந்து 'துய்'க்கு ஒருவர் இறங்கினால் அது சினமாகவோ நெருக்கமாகவோ இருக்கலாம். தமிழில் அவ்விடத்தில் 'நீ' 'நீ'யாகவே நிற்கும். இதற்கு நேர்மாறான மாற்றமும் உண்டு. வங்காள நாவல்களில் கணவனும் மனைவியும் பெரும்பாலும் ஒருவரையொருவர் 'துமி' என்றே அழைப்பர். தமிழ் மரபிலோ கணவன் 'நீ' என்பான், மனைவி 'நீங்கள்' என்பாள். மூலத்தில் சமமாக இருந்த அழைப்பு தமிழில் ஏற்றத்தாழ்வு உடையதாகிறது. மனைவியின் பேச்சில் காணப்படும் பணிவைச் சான்றாக்கி வங்காளக் குடும்பத்தைப் பற்றி முடிவு கூறும் கட்டுரை, உண்மையில் தமிழ்க் குடும்பத்தைப் பற்றியே பேசுகிறது.

படர்க்கையில் வங்காளப் பெயருக்கும் வினைக்கும் பால் வேறுபாடு இல்லை. மரியாதை வேறுபாடு உண்டு. தமிழில் எழுதுபவர் 'அவள்' என்பதா 'அவர்' என்பதா என ஒவ்வொரு பாத்திரத்திற்கும் முடிவு செய்தாக வேண்டும்.

5.3 உறவுமுறைச் சொற்கள்

துர்காவுக்கு இந்திர் தாக்ருண் 'பிஷி', அதாவது தந்தையுடன் பிறந்தாள் முறை. தமிழில் 'அத்தை'. அகராதியளவில் இது சரியான பெயர்ப்பு. ஆனால் தமிழ் அத்தைக்கு மணவுறவு சார்ந்த உரிமை உண்டு; அத்தை மகன் முறைமாப்பிள்ளை; பல வட்டாரங்களில் மாமியாரையும் அத்தை என்றே அழைப்பர். வங்காள இந்துக்களிடையே பிஷியின் மகனும் தாய்மாமன் மகனும் உடன்பிறந்தார் முறையினர். மாமியாருக்குத் தனிச்சொல் உண்டு. ஆகவே 'அத்தைக்குரிய உரிமை மறுக்கப்பட்டது' என இந்திர் தாக்ருணின் வெளியேற்றத்தை விளக்குவது தமிழ்ச் சொல் தரும் பொருளை நாவலுக்குள் புகுத்துவதாகும். மூலத்தில் அவள், உரிமை கோர வழியின்றித் தம்பி முறையானவனை அண்டி வாழும் கைம்பெண். இவ்வேறுபாடு அவள் மரணத்தின் பொருளையே மாற்றக்கூடியது.

6. கட்டுரையை அமைக்கும் முறை

மேற்கண்டவற்றிலிருந்து பின்வரும் படிகளை வகுத்துக்கொள்ளலாம்.

(அ) எந்தப் பனுவல், எவருடைய பெயர்ப்பு, எம்மொழி வழியாக வந்தது என்பதைக் கட்டுரையின் தொடக்கத்திலேயே குறிப்பிடுக.

(ஆ) மறுக்க இடமுள்ள ஒரு கருதுகோளை ஒரே தொடரில் எழுதுக.

(இ) சான்றுகளைத் திரட்டி ஒவ்வொன்றின் எதிரிலும் அதன் தளத்தைக் குறிக்க: நிகழ்ச்சி, நிகழ்ச்சி வரிசை, நோக்குநிலை, தலைப்பு, அழைப்பு முறை, சொல், தொடரமைப்பு.

(ஈ) முதல் மூன்று தளங்களின் சான்றுகளைப் பெயர்ப்பிலிருந்தே எடுத்தாளலாம். தலைப்பிலிருந்து தொடங்கும் எஞ்சியவற்றை மூலத்தோடு ஒப்பிடுக. மூலமொழி அறியாதவர் அம்மொழி அறிந்தவரின் துணையை நாடுக. இரண்டும் இயலாவிடில், 'தமிழ்ப் பெயர்ப்பில்' என்னும் அடையோடு எழுதி, முடிவை மொழிபெயர்ப்பாளருக்கே உரியதாக்குக.

(உ) கருதுகோளுக்கு எதிரான வலுவான சான்று ஒன்றையாவது எடுத்துரைத்து விடை கூறுக.

(ஊ) கதைச் சுருக்கத்தைச் சான்று விளங்குவதற்கு வேண்டிய அளவோடு நிறுத்துக.

இவற்றுள் நான்காம் படியே பெரிதும் புறக்கணிக்கப்படுவது. ஒப்பிடுவதற்கு முழு நாவலையும் இரு மொழிகளில் படிக்க வேண்டுவதில்லை. கருதுகோளுக்கு அடிப்படையாகும் நான்கைந்து பகுதிகளை எடுத்துக்கொண்டு, வங்காளம் அறிந்த ஒருவரிடம் மூன்று வினாக்கள் கேட்டால் போதும்: இங்கு அழைப்புச் சொல் யாது? வினைமுற்று எவ்வகை மரியாதை காட்டுகிறது? இவ்வுறவுச் சொல் வேறு எவரையும் குறிக்குமா? லேக் மார்க்கெட் போன்ற பகுதிகளில் வளர்ந்த இருமொழியாளர் இவ்வினாக்களுக்கு எளிதில் விடையளிக்க வல்லவர்கள். அவர்களைத் தகவலாளர்களாகக் கொள்ளும் முறை கிளைமொழி ஆய்வில் நிலைபெற்ற ஒன்று. இலக்கியத் திறனாய்விலும் அது இடம்பெற வேண்டும்.

7. முடிவுரை

மொழிபெயர்ப்பு நாவல் என்பது இருவர் எழுதிய நூல். நிகழ்ச்சியும் அதன் வரிசையும் முதலாமவருக்கு உரியவை; அழைப்பும் உறவுச் சொல்லும் தொடரின் நடையும் பெரும்பகுதி இரண்டாமவரின் கையால் அமைந்தவை. இப்பகுப்பை மனத்திற்கொண்டு எழுதப்படும் கட்டுரை, விபூதிபூஷணைப் பற்றிக் கூறுவதை விபூதிபூஷணுக்கும் சண்முகசுந்தரத்தைப் பற்றிக் கூறுவதைச் சண்முகசுந்தரத்திற்கும் உரியதாக்கும். துர்கா ரயிலைக் காணாமல் இறந்தாள் என்பதை எம்மொழியில் படித்தவரும் கூறலாம். அவள் தன் பிஷியை எப்படி அழைத்தாள் என்பதை வங்காளத்தில் கேட்டறிந்த பின்னரே கூற வேண்டும்.