பசியும் படிப்பும்

விடுமுறைக்கு வீடு திரும்பும் மகள் எந்நேரமும் படுத்தே கிடக்கிறாள். மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. கைப்பேசியே காரணம் என்று வீட்டினர் கடிந்துகொள்கின்றனர். அவளுடைய சோர்வைச் சோம்பல் என்று முடிவு செய்யும் முன், இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பரிசோதிக்குமாறு நாங்கள் கேட்டுக்கொள்கிறோம்.

2019–21ஆம் ஆண்டுகளின் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை உள்ளது. கருவுறாத பெண்களுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறைந்தால் அது இரத்தசோகையாகக் கொள்ளப்படும்.

விடுதி வாழ்க்கையில் இக்குறை எளிதில் வளர்கிறது. முதல் வகுப்புக்கு விரையும் அவசரத்தில் காலை உணவு தவறுகிறது. இடைவேளையில் டீயும் பிஸ்கட்டும், இரவில் நூடுல்ஸும் வயிற்றை நிரப்புகின்றன. ஆனால் நாளொன்றுக்குப் பெண்களுக்குப் பரிந்துரைக்கப்படும் 29 மில்லிகிராம் இரும்புச்சத்து அவற்றில் கிடைப்பதில்லை.

கீரை, சுண்டல், வேர்க்கடலை, முட்டை, மீன் ஆகியன கைகொடுக்கும். உணவுடன் எலுமிச்சை, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றுள் ஒன்றைச் சேர்த்தால் இரும்புச்சத்து நன்கு உட்கிரகிக்கப்படும். டீ, காபி அதனைத் தடுப்பதால், உணவுக்கு ஒரு மணி நேரம் முன்னும் பின்னும் அவற்றைத் தவிர்ப்பது நலம். இரும்புச்சத்து மாத்திரைகளை மருத்துவரின் ஆலோசனைப்படியே உட்கொள்ள வேண்டும்.

உணவைப் போலவே, உணவைப் பற்றி வீட்டில் பேசப்படும் சொற்களும் முக்கியமானவை. "குண்டாகிவிட்டாயே" என்று உறவினர் விளையாட்டாகச் சொல்வது, ஓர் இளம்பெண்ணை இரவு உணவையே கைவிடச் செய்யக்கூடும். நண்பர்களுடன் பரோட்டா உண்டது குற்றமன்று. அதற்கு மறுநாள் பட்டினி கிடப்பது பரிகாரமுமன்று. இளைஞர்களுக்கும் இது பொருந்தும்.

வேண்டுமென்றே தொடர்ந்து பட்டினி கிடத்தல், உண்டபின் வாந்தியெடுத்தல், எடை வேகமாகக் குறைதல், மாதவிலக்கு நின்றுபோதல் ஆகியவற்றைக் கண்டால் அதனைப் பிடிவாதம் என்று எண்ணாதீர்கள். அது சிகிச்சையால் குணமாகக்கூடிய நோயாக இருக்கலாம். தாமதியாமல் மருத்துவரை அணுகுங்கள்.

தொலைபேசியில் "சாப்பிட்டாயா?" என்று கேட்பதோடு, "என்ன சாப்பிட்டாய்?" என்றும் அன்புடன் கேளுங்கள். விடுதிக்குத் திரும்பும்போது வறுத்த வேர்க்கடலையும் எள்ளுருண்டையும் கொடுத்தனுப்புங்கள். காலை உணவு தவறும் நாள்களில் அவை உதவும்.